துய்ப்பவர் யார்?

நாடகம் என்றதும் நம் கண்முன் நிற்பது எது? மின்னும் மகுடம், மீசை முறுக்கும் மன்னன், வண்ணத் திரை, வாள் வீச்சு! கலைப் பட்டம் பெற்று, கையிலே குறிப்பேடும் நெஞ்சிலே செருக்கும் தாங்கி, பெரியாற்றுக் கால்வாய் பாயும் மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் ஆசிரியராய் நுழைந்த நாளில், நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

பாடம் நாடகவியல். கதைக்கோப்பு, மாந்தர், கருத்து, சொல்நடை, இசை, காட்சி எனத் துன்பியல் நாடகத்துக்குக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் வகுத்த ஆறு உறுப்புகளையும் கரும்பலகையில் எழுதினோம். அங்கம் என்பது நாடகத்தின் பெரும்பிரிவு. களம் என்பது அதன் உட்பிரிவு. 1891-இல் வெளிவந்த மனோன்மணீயம் ஐந்து அங்கம் கொண்டது. மாந்தர் தம் உள்ளக் கிடக்கையைத் தமக்கே உரைத்துக்கொள்வது தனிமொழி என்றோம். பிள்ளைகள் எழுதினர், ஒப்பித்தனர், மறந்தனர். பழியை யார்மீது போட்டோம்? பிள்ளைகள் மீதுதான்!

கடைசி வரிசையில் ஒரு மாணவி. நடவு நாட்களில் அவள் பள்ளிக்கு வருவதில்லை. ஒருநாள், நகக்கண்ணில் சேறு காயாமல் வந்து நின்றவளைப் பார்த்து, "நாற்றங்காலுக்குப் போகிறவளுக்கு நாடகம் எதற்கு?" என்று கேட்டுவிட்டோம். வகுப்பு சிரித்தது. அவள் தலை குனிந்தது. சமத்துவம் பேசும் நாக்கா இதைச் சொல்லிற்று? ஆம், தோழர்களே, நம் நாக்குத்தான்!

அன்றிரவு, சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்கு நல்லார் வரைந்த உரையைப் புரட்டினோம். நாடகக் கதை நடக்கும் வகையை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்று ஐந்தாகக் கூறுகிறார் அவர். இந்த ஐவகைப் பகுப்பு வடநூலாரும் சொல்வதே. ஆனால், அதை விளக்க அந்த உரையாசிரியர் எடுத்த உவமை அரண்மனையிலிருந்து வந்ததா? அன்று! ஏர் உழுத வயலிலிருந்து வந்தது! நாற்றங்காலை நாம் இகழ்ந்தோம். நாடக இலக்கணமோ நாற்றங்காலிலே பிறந்து நின்றது!

மறுநாள் அவளை முன்வரிசைக்கு அழைத்தோம். முதல்நாட் சொல்லுக்காக, வகுப்பறிய வருத்தம் தெரிவித்தோம். பிறகு பாடம். "பண்பட்ட புழுதியில் இட்ட விதை முளைப்பது முகம், அங்கே கதை தொடங்குகிறது. முளை இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம், கதை வளர்கிறது. அடுத்து என்ன, சொல் அம்மா" என்றோம்.

"பயிர் சூல் கட்டும், ஐயா. கதிர் உள்ளேதான் இருக்கும்; வெளியே தெரியாது. அந்த நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் அத்தனையும் பதர்தான்."

கருப்பம் என்னும் நடுப்பகுதிக்கு இதைவிட நல்ல விளக்கம் நம் குறிப்பேட்டில் இல்லை. வரப்போவது உள்ளே ஒளிந்திருக்கிறது. வருமோ வாராதோ என்று காண்போர் நெஞ்சம் துடிக்கிறது. கதிர் முற்றித் தலைசாய்வது விளைவு. அறுத்து, போரடித்து, தூற்றி, வீடு கொண்டுசேர்த்து, உண்டு மகிழ்வது துய்த்தல். சொல்லி முடித்தோம். அவள் எழுந்தாள்.

"நட்டது எங்கள் அம்மா, ஐயா. எங்கள் வீட்டு உலையில் கொதிப்பது ரேஷன் அரிசி. துய்த்தல் என்பது யாருக்கு?"

வகுப்பு அன்று சிரிக்கவில்லை.

அந்த வினா நம்மைத் துரத்தியது. பள்ளி ஆண்டு விழாவுக்கு நாம் ஏற்பாடு செய்திருந்தது ஓர் அரச நாடகம். மகுடத்துக்கு வாடகை கொடுக்க வல்லவர் வீட்டுப் பிள்ளை மன்னன். இவளோ, ஒரு சொல்லும் பேசாமல் சாமரம் வீசும் தோழி! பெரும்புகழும் நல்வாழ்வும் உடையோனே துன்பியல் தலைவனாகத் தக்கவன் என்றார் அரிஸ்டாட்டில். ஆனால் இளங்கோ என்ன செய்தார்? இதே மதுரையில், ஒரு வணிகன் மனைவியை அரசவை நடுவே நிறுத்தி, மன்னனைக் கேள்வி கேட்க வைத்தார்! அரசியின் சிலம்பிலே முத்து. கண்ணகி சிலம்பை உடைத்தாள், தெறித்தது மாணிக்கம். அறியாமை நீங்கி உண்மை தெரிவது 'அறிதல்'; நிலைமை தலைகீழாவது 'திருப்பம்'. இரண்டும் ஒருங்கே நிகழ்வது சிறப்பு என்பது கிரேக்க அறிஞர் கருத்து. காப்பியமே எனினும், அந்தச் சிறப்பு இங்கே ஒரே நொடியில் நிகழ்ந்துவிடுகிறது!

அரச நாடகத்தைக் கைவிட்டோம்; வழக்குரைக்கும் காட்சியை எடுத்தோம். சிறுவர்களால் ஆகுமா என்றனர் சிலர். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையை நிறுவிய சங்கரதாஸ் சுவாமிகள், சிறுவர்களைக் கொண்டல்லவா நாடகம் நடத்தினார்! சிலம்பு சொல்லும் அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டு, உயரம் ஒன்று. இருபத்து நான்கு பெருவிரல் அளவு ஒரு கோல். நடவு நட்ட பெருவிரலால் அளந்தே கோல் செய்தோம். ஒருபுறமிருந்து இழுக்கும் ஒருமுக எழினி, இருபுறமிருந்தும் வந்து கூடும் பொருமுக எழினி, மேலிருந்து இறங்கும் கரந்துவரல் எழினி ஆகிய மூன்று திரைகளும் தாய்மார்களின் பழஞ்சேலைகளாலேயே ஆயின.

அவள்தான் கண்ணகி. சாமரம் வீச இருந்த கை, சிலம்பை உடைத்தது! நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை எனத் தொல்காப்பியர் எண்ணிய மெய்ப்பாடுகள் எட்டு. அன்று அவள் முகத்தில் வெகுளியைக் கண்டோம். திரை இறங்கியபின் பெருமிதத்தைக் கண்டோம்.

மேடையிலிருந்து நோக்கினோம். முன்வரிசை நாற்காலிகளில் ஊர்ப் பெரியவர்கள். வேலியோரம், நடவு முடித்து நேரே வந்து, காட்சி முழுவதும் நின்றபடியே பார்த்திருந்தார் அவள் தாய். நாற்காலிகளை வரிசைப்படுத்தியவர் யார்? நாமேதான்! மேடையை மாற்றிய நாம், அரங்கின் எதிர்ப்புறத்தை மாற்ற மறந்திருந்தோம்.

தோழர்களே! நாடகச் சொற்களை மனப்பாடம் செய்வது எளிது. முகமும் பிரதிமுகமும் கருப்பமும் விளைவும் உழைப்போர் கையால் நாள்தோறும் நடந்துகொண்டே இருக்கின்றன. ஐந்தாம் உறுப்பு மட்டும் அவர்தம் வீட்டில் இன்னும் அரங்கேறவில்லை. அதை அரங்கேற்றும் பொறுப்பு நம்முடையது. அடுத்த விழாவில், முதல் நாற்காலியிலிருந்து தொடங்குவோம்!