ஆறு கிளைக்கும் ஒரே காற்று

குரோஷே ஊசி பிடித்துப் பழகியவர்களுக்குப் பனிப்பூ பெரிய வித்தை இல்லை. செயின், சிங்கிள், டபுள், ஸ்லிப் ஸ்டிச் தெரிந்தால் போதும். மூன்று சுற்று போட்டால் உள்ளங்கையில் அடங்கும் பூ ஒன்று கிடைத்துவிடும். ஆனால் அதை மேசையில் வைத்துப் பார்த்தால் ஒரு கிளை நீண்டிருக்கும், எதிர்க் கிளை கூம்பியிருக்கும். எண்ணிப் பார்த்தால் தையல் ஒன்றுகூடக் கூடக் குறைய இருக்காது. எண்ணிக்கை சரியாக இருந்தும் உருவம் ஏன் கோணுகிறது? இந்தக் கைவேலையில் என்னை விடாமல் பிடித்து வைத்திருப்பது இந்தக் கேள்விதான்.

நான் இருக்கும் டொராண்டோவில் குளிர்காலத்தில் கறுப்புக் கம்பளிக் கோட்டின் கையை நீட்டினால் போதும், அசல் பனித்துகளே வந்து உட்காரும். பெரும்பாலும் உடைந்தவை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவை. எப்போதாவதுதான் முழு நட்சத்திரம் அமையும். மூச்சுக்காற்று பட்டாலே கரைந்துவிடும் என்பதால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற ஊரில் வாழ்ந்த வில்சன் பென்ட்லி என்ற விவசாயி, மைக்ராஸ்கோப்பைக் கேமராவோடு இணைத்து 1885 ஜனவரியில் ஒற்றைப் பனித்துகளைப் படமெடுத்தார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. ஆயுள் முழுக்க எடுத்தது ஐயாயிரத்துக்கு மேல். அவற்றில் இரண்டாயிரத்துக்கும் அதிகமானவை 1931-ல் புத்தகமாக வந்தன. அதே ஆண்டு டிசம்பரில் அவர் இறந்துபோனார். பனிப்பூ பின்னுகிறவர்கள் இன்றும் மாதிரிக்குப் புரட்டிப் பார்ப்பது அந்தப் படங்களைத்தான்.

பனித்துகளுக்கு எப்போதும் ஏன் ஆறு கிளை? ஜோகன்னஸ் கெப்ளர் 1611-ல் இந்தக் கேள்வியை வைத்தே ஒரு சிறு நூல் எழுதித் தன் புரவலருக்குப் புத்தாண்டுப் பரிசாகக் கொடுத்தார். விடை அவருக்கு அகப்படவில்லை. நீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோண அடுக்காக அமைகின்றன என்பது எக்ஸ்ரே வந்த பிறகு, இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிவானது. ஜப்பானின் ஹொக்கைடோவில் உகிச்சிரோ நகாயா 1936-ல் ஆய்வுக்கூடத்திலேயே முயல் மயிர் ஒன்றின் நுனியில் பனிப்படிகத்தை வளர்த்துக் காட்டினார். வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் மாற்றினால் உருவமும் மாறுகிறது என்று அவர் வரிசைப்படுத்தினார். மைனஸ் 5 டிகிரியை ஒட்டி ஊசி ஊசியாக வளரும். மைனஸ் 15-ஐ ஒட்டி, ஈரம் நிறைய இருந்தால், நாம் வாழ்த்து அட்டையில் பார்க்கும் கிளைவிட்ட நட்சத்திரம்.

இதில் எனக்குப் பாடமாக அமைந்த விஷயம் ஒன்று உண்டு. படிகத்தின் ஒரு கிளை இன்னொரு கிளையைப் பார்த்து வளர்வதில்லை. ஆறும் ஒரே மேகத்தின் வழியாக, ஒரே குளிரில், ஒரே ஈரத்தில் இறங்குகின்றன. அதனால்தான் ஒன்றுபோல வளர்கின்றன. ஒரு பக்கம் காற்று மாறினால் அந்தப் பக்கம் கோணிவிடும். நூலிலும் இதுவேதான். முதல் கிளையை அளந்து அளந்து ஆறாவது கிளையைப் போட முடியாது. ஆறுக்கும் கை ஒரே நிலையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குரோஷேக்கும் ஆறு என்ற எண் இயல்பாகவே ஒத்துப்போகிறது. சிங்கிள் தையலின் உயரமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்று. வட்டத்தின் சுற்றளவு ஆரத்தைப் போல ஆறே கால் மடங்கு. ஆகவே ஆறு தையலில் தொடங்கி, சுற்றுக்கு ஆறு கூட்டினால் வட்டம் தட்டையாகப் படுக்கும். டபுள் தையல் ஏறக்குறைய இரட்டை உயரம் என்பதால் அங்கே பன்னிரண்டு. குறைத்தால் கிண்ணமாகக் குவியும், கூட்டினால் ஓரம் கொசுவம் கொசுவமாக மடியும்.

நான் அடிக்கடி போடும் பூ இந்தக் கணக்கில் நிற்பதுதான். பத்தாம் நம்பர் மெர்சரைஸ்டு பருத்தி நூல், ஒன்றரை மில்லிமீட்டர் ஸ்டீல் ஊசி. ஆறு செயின் போட்டு ஸ்லிப் ஸ்டிச்சால் வளையமாக்கிக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் வளையத்துக்குள் இரண்டு டபுள், இரண்டு செயின் என்று ஆறு முறை. தொடக்கத்தில் மட்டும் முதல் டபுளுக்குப் பதில் மூன்று செயின். இரண்டாம் சுற்றுக்கு ஸ்லிப் ஸ்டிச்சில் நகர்ந்து, ஒவ்வொரு செயின் இடைவெளியிலும் இரண்டு டபுள், மூன்று செயின், இரண்டு டபுள். இப்போது ஆறு மூலை தெரியும். மூன்றாம் சுற்றில் ஒவ்வொரு மூலைக்குள்ளும் ஒரு சிங்கிள், நாலு செயின், ஒரு சிங்கிள், ஆறு செயின், ஒரு சிங்கிள், நாலு செயின், ஒரு சிங்கிள். மூலையில் மூன்று கண்ணி விரியும். அடுத்த மூலைக்குப் போகும் வழியில் இரண்டு செயின், இரு கொத்துக்கும் நடுவில் ஒரு சிங்கிள், மறுபடி இரண்டு செயின். இது அமெரிக்க முறை. பிரிட்டிஷ் புத்தகம் வைத்திருப்பவர்கள் டபுள் என்ற இடத்தில் ட்ரெபிள் என்றும், சிங்கிள் என்ற இடத்தில் டபுள் என்றும் வாசித்துக்கொள்ளவும்.

கோணல் எங்கே பிறக்கிறது என்று பார்க்க ஒரு டபுள் தையலை நிறுத்தி நிதானமாகப் போட்டுப் பாருங்கள். நூலை ஊசியில் ஒரு சுற்று சுற்றி, கீழே விட்டு, நூலைக் கொக்கியில் மாட்டி மேலே இழுக்கிறோம். அந்த முதல் இழுப்பில் கண்ணி எவ்வளவு உயர்கிறதோ அதுதான் தையலின் உயரம். அதற்குப் பிறகு செய்வதெல்லாம் அந்த உயரத்தை மூடிக் கட்டுவதுதான். மனம் வேறெங்கோ இருந்தால் இழுப்பு நீளும். அவசரத்தில் கை இறுகினால் குறையும். பேச்சுக்கு நடுவில் போட்ட கிளையையும் மௌனமாகப் போட்ட கிளையையும் பூவைப் பார்த்தே சொல்லிவிடலாம். அதனால் ஒரு சுற்றைப் பாதியில் விட்டு நான் எழுவதில்லை. போன் அடித்தால் அடிக்கட்டும். ஹீட்டர் ஓடும் வீட்டில் விரல் நுனி வறண்டு நூல் பிசிறிக்கொண்டு ஓடும், கை தானாகவே இறுகும். கிரீம் தடவினால் நன்றாகத் துடைத்துவிட்டு, சற்றுப் பொறுத்தே வெள்ளை நூலைத் தொட வேண்டும்.

ஊசியிலிருந்து இறங்கும்போது பூ வெயிலில் காய்ந்த அப்பளம் போல நெளிந்துதான் இருக்கும். அதைத் தட்டையாக்க ஒரு தெர்மோகோல் பலகை, ஒரு தாள், மேலே பிளாஸ்டிக் உறை. தாளில் காம்பஸால் வட்டம் போட்டு, காம்பஸை அதே அகலத்தில் வைத்து ஓரத்தில் நடத்திக்கொண்டு போனால் சரியாக ஆறு புள்ளி விழும். எதிரெதிர்ப் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் அறுபது டிகிரிச் சட்டம் தயார். பூவைக் கஞ்சியில் நனைத்துப் பிழிந்து, நடுவில் முதல் பின், பிறகு ஒன்றுக்கு எதிரே நாலு, இரண்டுக்கு எதிரே ஐந்து என்று ஜோடி ஜோடியாகக் குத்த வேண்டும். வரிசையாகச் சுற்றிக்கொண்டு போனால் பூ ஒரு பக்கம் இழுபட்டுவிடும். பின் துருப்பிடிக்காததாக இருக்கட்டும். வெள்ளை நூலில் ஏறிய துரு லேசில் போகாது.

சிலர் ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து தோய்க்கிறார்கள். பலகை மாதிரி நிற்கும், ஆனால் மறுபடி நெகிழாது. சர்க்கரைப் பாகு பழைய முறை. ஈரக்காற்றில் பிசுபிசுக்கும், எறும்பையும் கூப்பிடும். நான் பருத்திப் புடவைக்குப் போடும் ஜவ்வரிசிக் கஞ்சியைத்தான் வடிகட்டிக் கொஞ்சம் கெட்டியாக எடுத்துக்கொள்கிறேன். கிறிஸ்துமஸ் முடிந்ததும் வெந்நீரில் போட்டால் கஞ்சி கரைந்து பூ பழையபடி துவண்டுவிடும். அடுத்த டிசம்பரில் திரும்பக் கஞ்சி போட்டுப் பின் குத்தலாம், சென்ற வருஷம் சாய்ந்து நின்ற கிளையை நேராக்கலாம்.

ஆனால் இறுக்கிப் போட்ட தையலை எந்தக் கஞ்சியாலும் நீட்ட முடியாது. பின் குத்துவது கிளையின் திசையைத் திருத்தும், உயரத்தைத் திருத்தாது. அதனால் பனிப்பூ கற்க வருகிறவர்களுக்கு நான் முதலில் பூவைக் கொடுப்பதில்லை. ஒரு முழ நீளத்துக்கு வெறும் டபுள் தையல் போட்டுவரச் சொல்கிறேன். அதன் மேல்விளிம்பு கோடு கிழித்தது போல நேராக வந்த பிறகு அவர்கள் போடும் பூவுக்கு என் உதவி அதிகம் தேவைப்படுவதில்லை.