சேறு கற்பித்த பாடம்

கரும்பலகையின் முன் நின்று நெம்புகோலையும் உராய்வையும் இருபது ஆண்டுகளாக விளக்கி வருகின்ற பௌதிக ஆசிரியன் ஒருவன், வன்னிச் சேற்றிலே தானே மாணவனாக நின்று பாடங் கேட்ட கதை இது. என் மாணவர் சிலர் இதனை வாசித்துச் சிரிக்கவுங் கூடும். சிரிக்கட்டும். ஆசிரியனும் பிழைவிடுவான் என்பதை அறிந்துகொள்வதும் கல்வியிலே ஒரு பகுதிதான்.

என் தமக்கையார் வாழ்க்கைப்பட்டது முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்கு அப்பால், காட்டோரமாய் உள்ள ஒரு சிற்றூரிலே. கோடையில் அங்கு போய் வருவது ஒரு சுகம். மாரி பிறந்தாலோ நிலைமை வேறு. பிரதான தெருவிலிருந்து ஊருக்குச் செல்லும் ஏழு மைல் மண்பாதையை இரண்டு ஓடைகள் குறுக்கறுக்கின்றன. மழை இறங்கினால் ஊர் ஒரு தீவு.

2018ஆம் ஆண்டு மார்கழி மாதத்துப் பெருவெள்ளத்தை வன்னி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வெள்ளத்தினிடையே ஓரிரவு அக்காவின் இளைய மகனைக் கண்ணாடி விரியன் தீண்டிவிட்டது. அப்பொழுது அவனுக்கு ஒன்பது வயது. அத்தான் அவனைத் தோளிலே தூக்கி, மார்பளவு நீரில் முதலாம் ஓடையைக் கடந்தார். அப்பால் வந்து நின்ற உழவு யந்திரம் பெட்டியோடு சேற்றிலே புதைந்தது. ஏழு மைலைக் கடக்க நான்கு மணி நேரம் சென்றது. வைத்தியர்கள் பிள்ளையைக் காப்பாற்றினர். ஆயினும் விஷம் சிறுநீரகத்தைத் தாக்கியிருந்தபடியால் மூன்று கிழமை ஆஸ்பத்திரியிலே கிடந்தான். பார்க்கப் போன என்னிடம் அக்கா அழவில்லை. "தம்பி, இவன் தப்பிவிட்டான். அடுத்த மாரியிலை ஆற்றை பிள்ளையோ?" என்று மாத்திரம் கேட்டார். அந்தக் கேள்வி என்னோடு யாழ்ப்பாணம் வரை வந்தது.

என் அம்மான் ஒரு காலத்தில் எங்கள் பகுதியிலே பெயர்பெற்ற மோட்டார் திருத்துநர். 1990ஆம் ஆண்டின் பின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்களில் அவரும் ஒருவர். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் இலேசில் ஆவியாகாது. ஆகையால் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தைக் கிளப்பிச் சூடாக்கிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பக்கத்திலே போத்தலும் கையுமாக நின்ற சிறுவன் நான். ஆவியாதல் என்ற பாடத்தை நான் முதலிற் கற்றது பள்ளிக்கூடத்தில் அன்று, அம்மானின் கராச்சிலேதான்.

அவருடைய வளவில், மாமரத்தின் கீழே, படங்கு மூடிய ஒரு லாண்ட்றோவர் பல ஆண்டுகளாகக் கிடந்தது. 1964ஆம் ஆண்டு வண்டி. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றிலே உழைத்துக் களைத்து வந்தது. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 109 அங்குலம். பின்னே திறந்த பெட்டி. மூக்கின் இரு பக்கமும் நெருங்கியிருக்கும் இரண்டு விளக்குகள். இவ்வகை வண்டி இங்கிலாந்திலே றோவர் கம்பனியின் பொறியியலாளராகிய மொறிஸ் வில்க்ஸ் என்பவரின் எண்ணத்தில் உதித்து, 1948இல் அம்ஸ்ரடாம் கண்காட்சியிலே முதன்முதலாக மக்கள் முன் வைக்கப்பட்டது. போருக்குப் பிந்திய உருக்குப் பஞ்சத்தினால் அதன் உடலை அலுமினியக் கலப்புத் தகட்டினாற் செய்தார்கள். பஞ்சம் தந்த அந்த ஏற்பாடே பிற்காலத்தில் அதற்குச் சிறப்பாயிற்று. உடல் எளிதில் துருவேறுவதில்லை.

"இதைத் திருத்தி அக்காவுக்குக் குடுப்பம், அம்மான்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. சிறு சுத்தியல் ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டியின் கீழே படுத்தார். சந்தையிலே முட்டி வாங்குபவர் சுண்டிப் பார்ப்பதுபோல அடிச்சட்டத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டினார். நல்ல உருக்கு கணீரென்று ஒலித்தது. துருப்பிடித்த இடம் மந்தமாய்ச் சத்தமிட்டது. ஓரிடத்திலே சுத்தியலின் தலை உள்ளே போய்விட்டது. மேலே அலுமினியம் மின்ன, கீழே உருக்குச் சட்டம் உக்கிப் போயிருந்தது. "வெளிப்பூச்சைப் பாத்து மயங்காதை" என்றார். அவர் வண்டியைப்பற்றி மாத்திரமா சொன்னார் என்று எனக்கு இன்றும் ஐயம் உண்டு.

2019இல் வேலையைத் தொடங்கினோம். சனி ஞாயிறு தினங்களிலே மாத்திரம் செய்த வேலை. இடையே 2020இல் ஊரடங்கு. பின்னர் 2022இல் பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலம். என் சேமிப்பிற் பெரும்பகுதி கரைந்தது. மனைவி ஒருநாளேனும் கடிந்து பேசவில்லை; கணக்குக் கொப்பியை மாத்திரம் மேசைமேல் விரித்து வைப்பாள்.

உக்கிய சட்டத்தை வெட்டி எறிந்து புதிய உருக்குத் தகடு வைத்து ஒட்டினோம். பின்பெட்டியில் நோயாளியைக் கிடத்தக்கூடிய நீண்ட பலகையும், அதனருகே இருவர் இருக்க வாங்கும் அமைத்தோம். இயந்திரம் காற்றை உறிஞ்சும் குழாயை உயர்த்திக் கூரையளவிற்குக் கொண்டு சென்றோம். அச்சுகளுக்குள்ளே இருக்கும் காற்றுக்கும் ஒரு வழி வேண்டும் என்று அம்மான் சொன்னபோது எனக்குக் காரணம் விளங்கவில்லை. "ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த தண்ணிக்குள்ளை இறங்கினால் என்ன நடக்கும், வாத்தியார்?" என்று கேட்டார். குளிர்ந்தால் காற்றுச் சுருங்கும். சுருங்கினால் வெளியே உள்ள நீரை உள்ளே இழுக்கும். வகுப்பிலே நான் ஆண்டுதோறும் சொல்லும் விதியை அவர் என்னிடமே திருப்பிக் கேட்டார். அச்சுகளின் மூச்சுத் துவாரங்களுக்கு இறப்பர்க் குழாய் மாட்டி உயரத்திலே கட்டினோம்.

ஒரே ஒரு விடயத்தில் நாங்கள் முரண்பட்டோம். பின்புற ஸ்பிரிங் தகடுகள் நோயாளியும் துணைவரும் நெல்மூடைகளும் சேர்ந்த பாரத்தைத் தாங்குமா என்று கணக்கிட்டுப் பார்த்தேன். பக்கத்துக்கு இரண்டு தகடு கூடுதலாகப் போடவேண்டும் என்று விடை வந்தது. அம்மான் தலையை ஆட்டினார். "கல்லு மாதிரிக் காலை வைச்சுக்கொண்டு ஆர் மேடு பள்ளத்திலை நடக்கிறது, தம்பி?" என்றார். நான் கணக்கைக் காட்டினேன். அவர் கணக்கோடு வாதிடவில்லை. தகடுகளைப் பூட்டிவிட்டுக் கை கழுவினார்.

2023ஆம் ஆண்டு ஆவணியிலே, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, மணற்காட்டுப் பக்கம் கடற்கரை மணற்பாதையிலே முதற் பரீட்சை செய்தோம். சில்லுகள் மணலைத் தோண்டிப் புதைந்தன. அம்மான் இறங்கி, சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் இருந்த காற்றை 16 ஆகக் குறைத்தார். ரயர் தட்டையாகி மணல்மேல் அகலப் படிந்தது; வண்டி மெல்ல மேலே வந்தது. சிவப்புக் குமிழ் உள்ள நெம்பை இழுத்துத் தாழ்ந்த முதலாம் கியரிலே போட்டால், இயந்திரம் ஏறத்தாழ 40 முறை சுழலும்போதுதான் சில்லு ஒருமுறை சுழலும். மனிதன் நடப்பதிலும் மெதுவாக, ஆனால் யானையின் உறுதியோடு வண்டி நகர்ந்தது. என் கணக்கே வென்றதென்று இறுமாந்தேன்.

கார்த்திகை மழையிலே வன்னிக்குப் போனோம். ஊரார் பலர் ஓடைக்கரையிலே கூடியிருந்தனர். மருமகன் என் பக்கத்தில் ஏறிக்கொண்டான். இறக்கத்திலே முன் இடச்சில்லு ஒரு குழியில் இறங்க, பின் வலச்சில்லு மற்றொரு குழியின்மேல் வந்தது. வளையவேண்டிய பின் ஸ்பிரிங் வளையவில்லை. வண்டி ஒருக்கணித்து, மூலைக்கு மூலையாக இரண்டு சில்லுகள் பாரமிழந்து வெறுமனே சுழன்றன. நான்கு சில்லுக்கும் விசை செல்லும் வண்டி, நின்ற இடத்திலே நின்றது. அச்சின் நடுவிலே உள்ள பற்சில்லுத் தொகுதி இரு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசையையே கொடுக்கும். காற்றிலே சுழலும் சில்லுக்கு விசை வேண்டியதில்லை. ஆகவே நிலத்தில் நிற்பதற்கும் விசை கிடையாது. இது எனக்குத் தெரியாததன்று. தெரிந்ததை நினையாமல் விட்டதுதான் குற்றம். பாரத்தைத் தாங்குமா என்று கேட்டேனேயன்றி, நிலத்தை விடாமல் பிடிக்குமா என்று நான் கேட்கவில்லை. என் கணக்குச் சரி, கேள்விதான் பிழை.

"மாமா, அண்டைக்கும் இதிலைதான் நிண்டனாங்கள்" என்றான் மருமகன். அவன் குறையாகச் சொல்லவில்லை. ஆயினும் அந்தச் சொல் என்னைச் சுட்டது. இது மெய்யான இரவாக இருந்திருந்தால்?

உழவு யந்திரத்தாலே வண்டியை வெளியே இழுத்தார்கள். அம்மான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அன்று மாலையே அக்காவின் முற்றத்தில், அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில், நான்கு தகடுகளையும் நானே கழற்றினேன். அவர் சாவியை எடுத்துத் தந்துகொண்டிருந்தார். மறுநாள் அதே இறக்கத்திலே வண்டி ஒரு கிழவியைப்போல இப்பக்கமும் அப்பக்கமும் அசைந்து, நான்கு சில்லும் நிலத்தைத் தடவியபடி இறங்கி, முழங்காலளவு நீரைக் கடந்து ஏறிற்று. ஏழு மைலுக்கு ஐம்பத்தைந்து நிமிடம் சென்றது.

திரும்பும்போது அம்மான் வண்டிச் சாவியை என்னிடம் தரவில்லை, அத்தானிடம் கொடுத்தார். "தம்பி யாழ்ப்பாணத்திலை இருப்பான். வருத்தம் இஞ்சைதான் வரும்" என்றார். நாலரை ஆண்டு உழைத்த எனக்கு நெஞ்சிலே ஒரு சிறு வலி எழுந்தது உண்மை. பேருந்திலே வீடு திரும்பும் வழியிலேதான், அந்த வண்டியை நான் யாருக்காகக் கட்டத் தொடங்கினேன் என்பது மீண்டும் நினைவுக்கு வந்தது.

2024ஆம் ஆண்டுக் கார்த்திகை வெள்ளத்தின்போது அந்த வண்டி இரண்டு இரவுகள் ஓடியது. ஒருமுறை பிரசவ வேதனைப்பட்ட ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு. மற்றொருமுறை மூச்சுத் திணறிய ஒரு முதியவரை ஏற்றிக்கொண்டு. இருவரும் நேரத்தோடு ஆஸ்பத்திரி சேர்ந்தார்கள் என்று அக்கா தொலைபேசியிற் சொன்னார். நான் அப்பொழுது யாழ்ப்பாணத்திலே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

கழற்றிய ஸ்பிரிங் தகடுகளில் ஒன்று இப்பொழுது என் மேசைமேல் இருக்கிறது. விடை சரியாக வந்துவிட்டதென்று ஒரு மாணவன் மகிழ்ந்து நிற்கும்போது, கேள்வி சரியா என்று பார்த்தாயா என அவனை நான் கேட்பதுண்டு. அந்த வார்த்தை எனக்கு எங்கிருந்து கிடைத்ததென்று இதுவரை அவர்களுக்குச் சொன்னதில்லை. இன்று சொல்லிவிட்டேன்.