அம்பின் வேகமும் அப்பாவின் எண்ணிக்கையும்

ரொறொன்ரோவில் வாழும் என் தமக்கையின் மகன் வில்வித்தை பழகுகிறான். அம்பின் வேகத்தை அளக்க, விலை மலிந்த குரோனோகிராஃப் எதை வாங்கலாம் என்று சென்ற மாதம் என்னைக் கேட்டான். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பும் கடைசித் தலைமுறை இதுவாகத்தான் இருக்கும்!

எனக்குப் பரந்தன் நினைவுக்கு வந்தது. 1990களில், இரவில் எங்கோ ஷெல் வெடிக்கும் வெளிச்சம் தெரிந்ததும், பதுங்குகுழி வாசலில் நின்று அப்பா வாய்க்குள் எண்ணத் தொடங்குவார். சத்தம் வந்ததும் நிறுத்துவார். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர். ஒலியின் வேகம் தெரியும், தூரம் தெரியவரும்.

குரோனோகிராஃப் அதையே தலைகீழாகச் செய்கிறது. ஓர் அடி இடைவெளியில் இரண்டு ஒளியுணரிகள். முதலாவதைக் கடந்த அம்பு இரண்டாவதைக் கடக்க எடுக்கும் நேரத்திலிருந்து வேகம் கிடைக்கிறது. விநாடிக்கு 180 அடி வேகமென்றால், அந்த ஓர் அடிக்கு 5.6 மில்லி விநாடி. துப்பாக்கி ரவைக்கு ஒரு மில்லி விநாடியும் பெரிது.

ராடர் கருவிகள் விலை கூடியவை. பழகுபவனுக்கு ஒளியுணரிக் கருவியே போதும். ஆனால் குழல்விளக்கின் கீழே அது பிழையான எண்களைக் காட்டக்கூடும். மேகம் மூடிய பகல் வெளிச்சமே நல்லது. அம்பு சாய்வாகக் கடந்தாலும் கணக்குப் பிழைக்கும். எண்காட்டும் பகுதி தனியாகப் பிரிந்திருப்பதாகப் பார்த்து வாங்கச் சொன்னேன். குறி தவறும் அம்பு முதலில் தேடிப்போவது அதைத்தான்.

பணம் செலவழிக்குமுன் வேறொன்றைச் செய்துபார்க்கவும் சொன்னேன். 18 மீற்றரில் இலக்கை வைத்து, வில்லருகே கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்தான். ஓடாசிற்றி என்ற இலவச மென்பொருளில் பார்த்தபோது, நாண் ஒலிக்கும் இலக்கில் தைத்த ஒலிக்கும் இடையே 0.38 விநாடி. தைத்த ஒலி திரும்பிவர எடுத்த 0.05 விநாடியைக் கழித்தால் 0.33. விநாடிக்கு ஏறத்தாழ 55 மீற்றர், அதாவது 180 அடி.

பிறகும் கருவியை வாங்கிவிட்டான். அது 183 காட்டியதாம்.

"மாமா, அம்மப்பா எண்ணினதும் இந்தக் கணக்குத்தானே? ஆகக் குறைய எத்தனை எண்ணினவர்?"

ஒருநாள் 'ஒன்று' என்று சொல்லி முடிக்கவில்லை. கொல்லைப்புறத்து மாமரம் அன்றோடு போயிற்று.