மக்கும் என்று எழுதிய குழல்

நெடுங்காலம் செய்தி எழுதிய கைக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடுகிறது. யாரேனும் ஒரு குறிப்பை நீட்டினால், அதிலுள்ளதை நல்ல வசனங்களாக்கி அச்சுக்கு அனுப்பிவிடும். 2023ஆம் ஆண்டின் இறுதியில் நானும் அப்படியொரு செய்தி எழுதினேன். திருகோணமலையில் உல்லாசப் பயணிகளை நம்பி நடக்கும் விடுதியொன்று பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல்களைக் கைவிட்டு, சோளத்திலிருந்து செய்யப்பட்ட மக்கும் குழல்களுக்கு மாறிவிட்டது என்பதே செய்தி. விடுதியார் தந்த குறிப்பில் 'நூறு வீதம் மக்கும்' என்றிருந்தது. நானும் அவ்வாறே எழுதினேன். எங்கே மக்கும், எத்தனை நாளில் மக்கும் என்று கேட்கவில்லை. கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்டவன் கேட்காமல் விட்ட கேள்வி அது.

காலமும் அச்செய்திக்கு இசைவாக இருந்தது. 2017 ஏப்ரலில் கொழும்பு மீதொட்டமுல்லவில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபின், அவ்வாண்டு செப்டெம்பரில் லஞ்ச் சீட்டுக்கும் மெல்லிய பொலித்தீனுக்கும் தடை வந்தது. 2021 மார்ச் 31 முதல் சிறிய சஷே பைக்கற்றுகளும் பிளாஸ்டிக் தண்டுள்ள பஞ்சுக்குச்சிகளும் தடைசெய்யப்பட்டன. 2023 ஒக்டோபர் 1 முதல் ஒருமுறை பாவித்து வீசும் பிளாஸ்டிக் குழல், தட்டு, கரண்டி, இடியப்பத் தட்டு, பூமாலை என்பனவும் அப்பட்டியலில் சேர்ந்தன. வர்த்தமானி அறிவித்தலுக்குப் பின் ஒவ்வொரு கடைக்காரரும் மாற்று வழி தேடி அலைந்தார்.

உட்துறைமுக வீதிப் பக்கம் நான் வழமையாகப் போகும் சிறிய கூல்பார் ஒன்று உண்டு. பலூடாவும் நெல்லிச்சாறும் அங்கே நன்றாக இருக்கும். அதன் உரிமையாளர் என் செய்தியை வெட்டிச் சுவரில் ஒட்டியிருந்தார். அதை நம்பி, பிளாஸ்டிக் குழலைவிடப் பன்மடங்கு விலை கொடுத்து, சோளக் குழல் பெட்டிகளைக் கொழும்பிலிருந்து வரவழைத்திருந்தார்.

"ஐயா எழுதினதைப் பார்த்துத்தான் வாங்கினனான்" என்றார் பெருமையோடு. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அன்று ஐந்தாறு குழல்களைக் கேட்டு வாங்கி வந்து, வீட்டு வளவில் இலைதழை போட்டு உரமாக்கும் குழியில் புதைத்தேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கடதாசிக் குழல்கள் சிலவற்றையும் பக்கத்தில் புதைத்தேன். வாடைக்காற்று மழையைக் கொண்டுவந்து கொட்டி ஓய்ந்தது. சித்திரை பிறந்தபின் குழியைக் கிளறினேன். கடதாசிக் குழல்களின் சுவடே இல்லை. சோளக் குழல்களைக் குழாய்த் தண்ணீரில் கழுவினேன். இன்னொரு முறை பலூடா குடிக்கலாம் போல இருந்தன.

அதற்குப் பின்னரே, முன்னர் வாசித்திருக்க வேண்டியவற்றை வாசித்தேன். சோளத்தின் மாச்சத்தையோ கரும்பின் சீனியையோ நொதிக்கவைத்து இலக்ரிக் அமிலமாக்கி, அதனைக் கோத்து நீண்ட சங்கிலியாக்கினால் கிடைப்பது பி.எல்.ஏ. என்னும் பொருள். பிறப்பால் அது தாவரம், இயல்பால் பிளாஸ்டிக். ஏறத்தாழ அறுபது பாகை செல்சியஸ் வெப்பத்தை ஈரத்தோடு வாரக்கணக்கில் காத்துவைக்கும் பெரிய உரத் தொழிற்கூடத்தில் அது உண்மையாகவே மக்கும். என் வளவுக் குழியில் அந்தச் சூடு ஏது? கடலில் அதைவிடக் குறைவு. ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2021 ஜூலையில் தடையை நடைமுறைப்படுத்திய ஐரோப்பிய ஒன்றியம், தாவரத்திலிருந்து வந்த இப்பொருளையும் பிளாஸ்டிக் என்றே கணக்கில் எடுத்தது.

இந்த வேறுபாடு மற்ற ஊர்களைவிட எங்கள் ஊருக்கு முக்கியமானது. திருகோணமலையில் வீதிக்கும் கடலுக்கும் இடையே ஒரு வடிகான்தான் தூரம். மழைக்காலத்தில் வடிகானில் விழுவது உட்துறைமுகத்துக்கோ டச்சுக்குடாவுக்கோ போய்ச் சேரும். வடக்கே நிலாவெளிக்கு அப்பால், 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட புறாத்தீவின் பவளப் பாறைகளிடையே ஆமைகள் மேய்கின்றன. பிரெட்றிக் கோட்டையின் புள்ளிமான்கள் பஸ் நிலையம்வரை வந்து குப்பைகளை முகர்கின்றன. பெட்டியில் 'மக்கும்' என்று அச்சிட்டிருப்பதை ஆமையும் வாசிப்பதில்லை, மானும் வாசிப்பதில்லை.

அப்படியானால் கடதாசிதான் தீர்வா? 2023 ஓகஸ்டில் பெல்ஜிய ஆய்வாளர்கள் 39 வகைக் குழல்களைப் பரிசோதித்து, 27இல் எளிதில் அழியாத புளோரின் சேர்மங்கள் இருப்பதாக அறிவித்தனர். அளவு சிறிதுதான், ஆனால் கடதாசிக் குழல்களில் பெரும்பாலானவை அப்பட்டியலில் இருந்தன. உருக்குக் குழல்களில் அவை காணப்படவில்லை. பெங்களூரு கிறிஸ்து பல்கலைக்கழகப் பேராசிரியர் சாஜி வர்கீஸ் உதிர்ந்த தென்னோலையைச் சுருட்டிக் குழலாக்கும் முறையைக் கண்டார். ஓலை எங்கள் கரையிலும் நிறைய விழுகிறது. அதைக் கூட்டி எரிக்கிறோம். சோளக் குழலைக் கடல் கடந்து வரவழைக்கிறோம்.

குழல் தேவையானவர்களும் உண்டு. தலை நிமிர்த்த முடியாத நோயாளிக்கும் கை நடுங்கும் முதியவருக்கும் அது பண்டமல்ல, உதவி. மற்ற நம்மில் எத்தனை பேருக்கு அது வேண்டும்? என் சிறு வயதில் செவ்விளநீரை வெட்டித் தந்தால் அண்ணாந்து குடிப்போம். வாயோரம் வழிவதைப் புறங்கையால் துடைத்துக்கொள்வோம். வழுக்கையைத் தோண்டக் காயின் தோலிலேயே ஒரு சீவல் சீவித் தருவார்கள். பாவித்தது முழுவதும் பாவித்த இடத்திலேயே மண்ணாகும்.

குழியில் எடுத்த குழல்களை ஒரு கடதாசியில் சுற்றிக்கொண்டு கூல்பாருக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். உரிமையாளர் ஒன்றை வளைத்துப் பார்த்தார், அது உடையவில்லை.

"அப்ப மிச்சப் பெட்டியளை என்ன செய்யிறது ஐயா?" என்றார்.

என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. கேட்பவர்களுக்கு மட்டும் கொடுங்கள், பாவித்ததை வேறாகச் சேர்த்து வையுங்கள், வடிகானுக்குள் போகவிடாதீர்கள் என்றேன். திருத்தம் ஒன்று எழுதி அனுப்பினேன். உட்பக்கத்தில் நான்கு வரியாக வந்தது. அதை யாரும் வெட்டி ஒட்டமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகையால் நானே வெட்டி எடுத்துப் போய், பழைய செய்தியின் பக்கத்தில் ஒட்டச் சொன்னேன். அவர் சிறிது யோசித்துவிட்டுப் பழையதன் மேலேயே ஒட்டினார்.