ஆறு மில்லிமீட்டர் பைப்

கால் டாக்ஸி ஓட்டும் நண்பர் தன் 2019 மாடல் வேகன்ஆர் காருக்கு கேஸ் கிட் போடப் போவதாகச் சொன்னதும் நானும் கூடவே கிளம்பினேன். பாடியிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போகும் வழியில், லேத் பட்டறைக்கும் டயர்க் கடைக்கும் நடுவே இருக்கிறது அந்த ஷெட். பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் மஞ்சள் போர்டு வண்டிகள் மூன்று நின்றால் அதுதான் இடம் என்று ஓட்டுநர்கள் அடையாளம் சொல்கிறார்கள்.

நண்பரின் கணக்கு எளிது. நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓட்டம். ஏ.சி. போட்டுக்கொண்டு சென்னை நெரிசலில் ஓட்டினால் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கிடைக்கிறது. பெட்ரோல் விலையோ லிட்டர் 100 ரூபாய்க்கு மேல். தினம் 1,300 ரூபாய் அதற்கே போய்விடுகிறது. சி.என்.ஜி. எனப்படும் அழுத்திய இயற்கை எரிவாயு கிலோக் கணக்கில் விற்பனையாகிறது. அதே வண்டி ஒரு கிலோவுக்கு 22 கிலோமீட்டர் ஓடும் என்று சக ஓட்டுநர்கள் சொல்லியிருக்கிறார்கள். இதில் மாயம் ஒன்றுமில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான். ஒரு கிலோ வாயுவில் அதைப்போல ஒன்றரை மடங்கு வெப்பசக்தி இருக்கிறது. நாளைக்கு 500 ரூபாய் மிஞ்சினால், கிட்டுக்குப் போடும் 60,000 ரூபாயை நாலு மாதத்தில் எடுத்துவிடலாம். அதற்குப் பிறகு மிஞ்சுவது மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு.

ஷெட்டை நடத்துபவருக்கு நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். ஓட்டுநர்களுக்கு அவர் மாஸ்டர், வேலை செய்யும் இரண்டு பையன்களுக்கு அண்ணன். வந்தவுடன் அவர் காட்டியது கிட்டை அல்ல, சிலிண்டரின் தோள்பட்டையில் பொறித்திருந்த எண்களை. தயாரான மாதம், தாங்கும் அழுத்தம், சோதனை செய்த தேதி எல்லாம் அங்கே இருக்கின்றன. ‘இத முதல்ல படிங்க சார். எழுத்து தேஞ்சிருந்தாலோ, மேல பெயிண்ட் பூசியிருந்தாலோ அந்தச் சிலிண்டர நான் தொடமாட்டேன்.’

வீட்டுச் சமையல் சிலிண்டர் தகட்டை வளைத்துப் பற்றவைத்துச் செய்தது. அதற்குள் வாயு திரவமாக இருப்பதால் அழுத்தம் குறைவு. இது அப்படியல்ல. பற்றுவைப்பே இல்லாமல் ஒரே எஃகுத் துண்டாக இழுத்து உருவாக்கியது. 60 லிட்டர் கொள்ளளவு, காலியாக இருக்கும்போதே ஏறக்குறைய 60 கிலோ எடை. உள்ளே வாயு 200 பார் அழுத்தத்தில் அடைபடும். கார் டயரில் இருப்பது சுமார் 2 பார். அதைப் போல நூறு மடங்கை டிக்கியில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் முன்னால் உட்கார்ந்து போகிறது.

அதனால்தான் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சிலிண்டரைக் கழற்றி நீரழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். உள்ளே தண்ணீரை நிரப்பி 330 பாருக்கும் மேலே அழுத்துவார்கள். எஃகு சற்று விரியும்; அழுத்தத்தை எடுத்ததும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் சிலிண்டருக்கு ஆயுள் முடிந்தது என்று பொருள். தண்ணீர் அதிகம் சுருங்காது என்பதால், சோதனையில் சிலிண்டர் பிளந்தாலும் வெடித்துச் சிதறாது. இந்த விதிகளையெல்லாம் மேற்பார்வை செய்வது நாக்பூரில் தலைமையகம் கொண்ட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. ஷெட்டில் எல்லோரும் அதை ‘பெசோ’ என்கிறார்கள்.

வேலை எஞ்சினிலிருந்து தொடங்கியது. காற்றை உள்ளே கொண்டுபோகும் மேனிஃபோல்டில் நான்கு சிலிண்டருக்கும் நான்கு துளைகள் போட்டு, வாயு பாயும் மூக்குகளைப் பொருத்த வேண்டும். அவசரக்காரர்கள் மேனிஃபோல்டைக் கழற்றாமலே டிரில்லை வைத்துவிடுகிறார்கள். சீவல் ஒன்று உள்ளே விழுந்தால் எஞ்சினின் உட்சுவரில் கோடு விழும். மாஸ்டர் முக்கால் மணி நேரம் செலவழித்து மேனிஃபோல்டை முழுதாகக் கழற்றினார். டிரில் முனையில் கிரீஸைத் தடவித் துளைத்தார். சீவலெல்லாம் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வந்தது. பிறகு துணியைச் சுருட்டி, உள்ளே விட்டுத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

அடுத்தது ரெடியூசர், உள்ளங்கை அளவில் ஒரு உலோகப் பெட்டி. 200 பாரில் வரும் வாயுவை 2 பார் அளவுக்கு இறக்குவது அதன் வேலை. அழுத்தம் அப்படிச் சட்டென்று விழும்போது வாயு கடுமையாகக் குளிர்ந்துபோகும். எனவே எஞ்சினைச் சுற்றிவரும் சுடுநீரை ஒரு ரப்பர் குழாய் வழியே இதற்குள் திருப்பிவிடுகிறார்கள். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால், சித்திரை வெயிலிலும் ரெடியூசரின் மேல் வெள்ளையாகப் பனி பூத்துவிடும். வண்டி எப்போதும் பெட்ரோலில் கிளம்பி, எஞ்சின் சூடேறிய பிறகு வாயுவுக்கு மாறுவதும் இதனால்தான். ஒயரிங்கையும் லேப்டாப்பில் செய்யும் அமைப்புகளையும் இளைய பையன் பார்த்துக்கொண்டான்.

பிறகு மாஸ்டர் சுவரோரப் பெட்டியிலிருந்து ஒரு கருவியை எடுத்தார். இரண்டு கைப்பிடி, நடுவில் ஒரு சிறிய சக்கரம், அதில் ஒரு பள்ளம். பைப் வளைக்கும் பெண்டர். கைப்பிடியின் ரப்பர் உறை எப்போதோ போய்விட்டது; உள்ளங்கை பட்டுப்பட்டு இரும்பு வழவழப்பாகியிருந்தது. டெல்லியில் அவருக்குத் தொழில் கற்றுத்தந்த உஸ்தாத் கொடுத்தது அது.

மாஸ்டரின் பெற்றோர் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து டெல்லிக்குப் போனவர்கள். ஜங்புராவில், பாராபுல்லா வடிகால் ஓரமிருந்த மதராஸி கேம்ப்பில் வீடு. அம்மா பக்கத்துக் குடியிருப்புகளில் சமையல் வேலைக்குப் போனார். மகன் எட்டாவதோடு நின்று, 1999இல் ஒரு ஒர்க்ஷாப்பில் சேர்ந்தான்.

அந்த ஆண்டுகளில் டெல்லி வண்டிகளின் தலையெழுத்தே மாறிக்கொண்டிருந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985இல் தொடுத்த பொதுநல வழக்கில், 1998 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. தலைநகரின் பேருந்துகள் அனைத்தும் 2001 மார்ச் 31க்குள் சி.என்.ஜி.க்கு மாற வேண்டும். 1990க்கு முந்திய ஆட்டோக்களும் டாக்ஸிகளும் அதற்கும் ஓராண்டு முன்பே தூய எரிபொருள் வண்டிகளுக்கு இடம் விட வேண்டும். அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தின் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் டீசல் புகைக்கு எதிராக நடத்திய பிரச்சாரம் அப்போது உச்சத்தில் இருந்தது. கெடு நெருங்கியது; பங்க்குகள் போதவில்லை. ஆட்டோக்காரர்கள் இரவெல்லாம் வரிசையில் நின்றார்கள், வண்டியிலேயே தூங்கினார்கள். கெடுவைத் தாண்டியும் ஓடிய டீசல் பேருந்துகளுக்கு 2002இல் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் விதித்தது நீதிமன்றம்.

‘ஊரே கேஸுக்கு மாறுது, ஆனா கை தெரிஞ்ச ஆளு இல்ல’ என்றார் மாஸ்டர். ‘உஸ்தாத் ஒரு சர்தார்ஜி. ஆறு மாசம் என்ன பைப் மட்டும்தான் வளைக்கவிட்டாரு. வளைச்சதும் ரம்பத்தால ரெண்டா அறுத்துப் பாப்பாரு. வளைவுல ஒரு இடம் நசுங்கியிருந்தா மொத்தமும் குப்பைக்கு.’

அந்தக் காலத்துக் கிட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. கார்புரேட்டருக்கு மேலே மிக்சர் என்ற வளையத்தை வைத்தால் எஞ்சின் இழுக்கும் காற்றோடு வாயுவும் கலந்து போகும். கலவை பிசகினால் வாயு வெளியிலேயே தீப்பிடித்து ஏர் ஃபில்டர் பெட்டி பிளந்துகொள்ளும். இத்தாலியிலிருந்து வந்த லோவாட்டோ, லாண்டி ரென்சோ கிட்டுகளின் பெயர்களை அவர் இந்தியோடு சேர்த்தே எழுத்துக்கூட்டிக் கற்றிருக்கிறார். எண்ணூரில் திரவ இயற்கை எரிவாயு முனையம் 2019இல் தொடங்கி, சென்னையிலும் சி.என்.ஜி. பங்க்குகள் வர ஆரம்பித்த பிறகு, மனைவி மக்களோடு இங்கே வந்துவிட்டார். மதராஸி கேம்ப் 2025 ஜூனில் நீதிமன்ற உத்தரவின்படி இடிக்கப்பட்டது. அவருடைய பழைய வீட்டு வாசல் இப்போது அவர் செல்போனில் இருக்கும் ஒரு படம்.

கதை சொல்லிக்கொண்டே கை வேலை செய்தது. சிலிண்டரிலிருந்து எஞ்சின்வரை வண்டியின் அடிவயிற்றில் ஓடும் எஃகு பைப்பின் வெளிவிட்டம் 6 மில்லிமீட்டர். 200 பார் முழுவதும் அதற்குள்தான் பாய்கிறது. சைலன்சரின் சூடு படாமலும், பள்ளத்தில் இறங்கினால் கல் அடிக்காமலும் அதைக் கொண்டுபோக வேண்டும். மாஸ்டர் கீழே படுத்து, விரலால் வழியை அளந்து, வெளியே வந்து வளைத்து, மறுபடி உள்ளே போய் வைத்துப் பார்த்தார். எத்தனை தடவை என்று எண்ணினேன்: பதினொன்று. இணைப்புக்கு அருகே வரும்போது பைப்பைப் பென்சில் சுருள்போல இரண்டு சுற்றுச் சுற்றினார். வண்டி அதிரும்போது அந்தச் சுருள் அதிர்வை வாங்கிக்கொள்ளும். நேராக விட்டால் ஒரு வருடத்தில் இணைப்பின் கழுத்தில் விரிசல் விடும்.

எல்லாம் முடிந்ததும் நைட்ரஜன் ஏற்றினார். ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர், ஒரு பெயிண்ட் பிரஷ். ஒவ்வொரு இணைப்பிலும் நுரையைத் தடவி, டார்ச் அடித்து, மூச்சைப் பிடித்துப் பார்த்தார். ரெடியூசர் அருகே கடுகளவு குமிழ் ஒன்று எழுந்தது, உடைந்தது, மறுபடி எழுந்தது. பையன் ஸ்பேனரை எடுத்து இறுக்கப் போனான். ‘கைய எடு’ என்றார். இறுக்கினால் இன்றைக்கு நிற்கும். உள்ளே இருக்கும் வளையம் ஏற்கெனவே கோணலாகக் கடித்திருக்கிறது. அழுத்தத்தை இறக்கி, அந்த முனையை அறுத்தெறிந்து, புது வளையம் போட்டு மறுபடி இணைத்தார். இன்னும் அரை மணி நேரம். நண்பர் ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்தில் நின்றார்.

இந்த நாள் முழுவதுக்கும் மாஸ்டருக்குக் கிடைப்பது 3,500 ரூபாய். பையன்களின் கூலியும் ஷெட் வாடகையும் அதிலிருந்துதான். 60,000 ரூபாயில் மீதி எங்கே போகிறது? கிட்டுக்கும் சிலிண்டருக்கும் போவது நியாயம். ஆனால் கிட் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற டீலர் ஒருவர் நடுவில் இருக்கிறார். இந்த ஷெட்டுக்கு அவர் வந்ததே இல்லை. சான்றிதழில் முத்திரை குத்துவதற்குத் தனியாக ஒரு தொகை எடுத்துக்கொள்கிறார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி இந்த மாற்றத்தை ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும். பதியாமல் ஓட்டினால் விபத்துக் காப்பீடு கைவிட்டுப் போகலாம். அந்தப் பதிவுக்கென்று ஒரு புரோக்கர். அவர் கேட்பது 5,000. படுத்துக்கொண்டு பதினொரு முறை பைப் வளைத்தவருக்குக் கிடைப்பதைவிட, ஒரு காகிதத்தை மேசையிலிருந்து மேசைக்கு நகர்த்துபவருக்கு அதிகம். காகிதச் செலவு தாங்காத ஓட்டுநர் என்ன செய்வார்? எழுத்து தேய்ந்த பழைய சிலிண்டரை எங்கோ வாங்கி, எவரிடமோ மாட்டிக்கொள்வார். அப்புறம் ஏதாவது ஒரு சாலையில் அது பிளந்தால் குற்றம் ஏழையின் பேராசை மேல் விழும். நடுவில் உட்கார்ந்து வாங்கியவர்களை யாரும் கேட்கப்போவதில்லை.

2022 ஆகஸ்டில் மத்திய அரசு பி.எஸ்.6 புகை விதிக்கு உட்பட்ட பெட்ரோல் வண்டிகளிலும் கிட் போட அனுமதித்தது. கிட்டுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒப்புதலைப் புதுப்பிக்க வேண்டும், சிலிண்டருக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை சோதனை. பொருத்தும் மனிதனுக்கு? வீட்டில் மின்கம்பி இழுப்பவருக்கு அரசு தேர்வு நடத்தி, அவர் பெயரிலேயே சான்றிதழ் தருகிறது. 200 பார் அழுத்தத்தைக் கையாளும் ஒருவருக்கும் அப்படி ஒரு தேர்வு வைக்கட்டும். அவர் பெயரில் உரிமம் கொடுக்கட்டும். சான்றிதழில் அவரே கையெழுத்துப் போடட்டும். மாஸ்டர் அந்தத் தேர்வுக்கு நாளைக்கே போய் உட்காரத் தயார்.

அதற்குக் காலமும் அதிகமில்லை. மாருதி 2010இலேயே தொழிற்சாலையில் கிட் போட்ட கார்களை இறக்கிவிட்டது. இன்று அது உள்நாட்டில் விற்கும் கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று சி.என்.ஜி. டாடா 2023இல் இரண்டு சிறு சிலிண்டர்களைக் கீழே ஒதுக்கி, டிக்கியையும் காலியாக விட்டது. இனி ஷெட்டுக்கு வருவது நண்பரைப்போலப் பழைய வண்டி வாங்கியவர்கள் மட்டுமே.

சாயங்காலம் பங்க்குக்குப் போனோம். முன்னால் ஒன்பது வண்டிகள். எங்கள் முறை வந்தபோது எல்லோரையும் கீழே இறக்கிவிட்டுத்தான் நாசிலை மாட்டினார்கள். முள் 200ஐத் தொட்டதும் மாஸ்டர் குனிந்து டிக்கிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார். வாயுவுக்குச் சொந்தமாக மணம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று ஒரு வாடையைச் சேர்த்திருக்கிறார்கள். அந்த வாடை இல்லை. வால்வைச் சுற்றி ஒரு உறை, அதிலிருந்து வண்டிக்கு வெளியே போகும் இரண்டு குழாய்கள். கசிந்தாலும் வாயு உள்ளே தங்காது. காற்றைவிட லேசானதால் மேலே பறந்துவிடும். ‘வெயில்ல போட்டா கொறவா ஏறும், விடியக்காலைல போட்டுக்கங்க’ என்று நண்பரிடம் சொன்னார். ‘ஆயிரம் கிலோமீட்டர் ஓடினதும் ஒருதரம் வாங்க. காசு வேணாம், ஜாயின்ட் பாக்கணும்.’

ஷெட்டுக்குத் திரும்பியதும் பெரிய பையன் சுவரோரம் போய் மார்க்கரை எடுத்தான். வண்டி எண்களும் தேதிகளும் தகரச் சுவர் முழுக்க வரிசையாக இருந்தன, எல்லாம் சிலிண்டர் சோதனைக்கான தேதிகள். நாள் நெருங்கும்போது மாஸ்டரே ஓட்டுநர்களைக் கூப்பிட்டுச் சொல்கிறார். கடைசி வரியின் கீழே நண்பரின் வண்டி எண்ணையும் மூன்று வருடம் தள்ளி ஒரு தேதியையும் பையன் எழுதினான். எழுதிவிட்டுத் திரும்பினான்.

‘அண்ணே, மூணு வருஷம் கழிச்சு ஷெட்டு இங்கயே இருக்குமா?’

பெண்டரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார் மாஸ்டர். ‘அவரு போன் நம்பரையும் சேத்து எழுது. நோட்டுலயும் ஒண்ணு எழுதி வை’ என்றார்.