பரணில் ஆறு பாட்டில்!

ஒரு கேள்வி. நடுராத்திரி ஒண்ணே முக்கால் மணிக்கு உங்க வீட்டுப் பரணில் ‘டமால்’னு சத்தம் கேட்டா என்ன நினைப்பீங்க? பூனை? திருடன்? எங்க அப்பா சிலிண்டர் என்று நினைத்தார். அம்மா, பக்கத்து வீட்டுக் கல்யாண வெடி என்றாள். எனக்கு மட்டும்தான் தெரியும், அது என்னோட ‘ப்ராஜெக்ட்’ என்று!

நான் திருச்சிப் பொண்ணு. பி.டெக். பயோடெக்னாலஜி, மூணாவது வருஷம். எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்தில் ஸ்டால் போடணும்னு முடிவாச்சு. ‘எல்லாரும் பேல்பூரி போடுவாங்க, நாம சயின்ஸ் போடுவோம்’ என்று வாயைக் கொடுத்தது நான்தான். ஐடியா: இஞ்சி பியர். இஞ்சி, எலுமிச்சை, சர்க்கரை, கொஞ்சம் ஈஸ்ட். ‘பேருலதான் பியர், மத்தபடி வெறும் கூல்டிரிங்க்ஸ்’ என்று கேங்கில் எல்லாருக்கும் அடித்துச் சொன்னேன்.

ஆனா வீட்டில் சொல்லவில்லை. காரணம் இருக்கு பாஸ். அம்மாவோட ஒரே தம்பி, என் மாமா, நாலு வருஷத்துக்கு முன்னாடி ஈரல் கெட்டுப் போய் இறந்துட்டார். முப்பத்தெட்டு வயசு. அதிலிருந்து எங்க வீட்டில் டி.வி.யில் கதாநாயகன் கையில் பாட்டில் எடுத்தாலே சேனல் மாறிவிடும். அந்த வீட்டில் போய், ‘அம்மா, பியர் போடப் போறேன்’னு எப்படிச் சொல்றது?

அதனால், அம்மா கோயிலுக்குப் போன ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. லிட்டருக்கு 120 கிராம் சர்க்கரை. பேக்கரிக்காரர் தந்த ஈஸ்ட், பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் தாராளமா. பழைய ஸ்குவாஷ் பாட்டில் ஆறு. கழுவி, ஊற்றி, மூடியைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கி, தம்பி படுக்கிற ரூம் பரணில், பழைய கொலு பொம்மைப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்தேன். அப்புறம் இன்டர்னல் டெஸ்ட் வந்தது. பாட்டிலை மறந்தே போனேன்.

ஆறாவது நாள் ராத்திரி கரன்ட் கட். மார்ச் மாசக் கடைசி, திருச்சி வெயிலைப் பத்திச் சொல்லவே வேணாம். புழுக்கம் தாங்காமல் எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனோம். அங்கே இருந்தபோதுதான் அந்த ‘டமால்’. அடுத்த நிமிஷமே இன்னும் ரெண்டு.

டார்ச் அடித்துக் கதவைத் திறந்தால், ரூம் முழுக்க இஞ்சி வாசனை. தம்பி தினமும் தலை வைக்கிற தலையணையில் என் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கண்ணாடிச் சில்லு, நட்டமா குத்தி நின்றது. அவன் எட்டாவது படிக்கிறான். அதை எழுதும்போது இப்பவும் கை நடுங்குது.

மிச்சம் மூணு பாட்டில் மேலே இருந்தது. அப்பா ஹெல்மெட் மாட்டி, ரெயின்கோட் போட்டு, கெட்டிப் போர்வையால் அவற்றை மூடி, ஐஸ் போட்ட வாளியில் இறக்கினார். குளிர்ந்தால் வாயு திரவத்திலேயே கரைந்து நிற்கும், அழுத்தம் குறையும். காலையில் போர்வைக்குள்ளேயே மெதுவாத் திறந்தபோதும் நுரை உத்தரத்தைத் தொட்டது. (தயவுசெய்து இதையெல்லாம் நீங்க ட்ரை பண்ணாதீங்க.)

அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. சில்லைப் பொறுக்கிக்கொண்டே ஒண்ணுதான் சொன்னாள்: “ஒங்க மாமாவும் பரண்லதாண்டி ஒளிச்சு வெப்பான்.”

திங்கட்கிழமை எங்க ஃபெர்மென்டேஷன் மேடத்திடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவங்களும் திட்டவில்லை. பேப்பர், பேனா எடுத்து, “கணக்குப் போடு” என்றாங்க.

ஈஸ்ட் சர்க்கரையைச் சாப்பிட்டால் ஏறக்குறைய பாதி ஆல்கஹாலாகவும், பாதி கார்பன் டை ஆக்ஸைடாகவும் மாறும். சாதாரண பியர் ஒரு லிட்டரில் கரைந்திருக்கிற வாயு சுமார் 5 கிராம். அதற்கே பாட்டிலுக்குள் கிட்டத்தட்ட கார் டயர் அளவு அழுத்தம் இருக்கும். என் 120 கிராம் சர்க்கரையும் முழுசா புளித்தால் வரக்கூடியது 60 கிராம். பன்னிரண்டு மடங்கு! அழுத்தத்துக்கென்றே செய்யாத ஸ்குவாஷ் பாட்டில் எந்த மூலைக்கு?

கணக்கின் அடுத்த வரிதான் என்னை உட்கார வைத்தது. மிச்சப் பாதி, ஆல்கஹால். முழுசா புளித்திருந்தால் ஏழு சதவிகிதத்துக்கு மேல். சாதாரண பியர் ஐந்து சதவிகிதம்தான். ‘வெறும் கூல்டிரிங்க்ஸ்’ என்று நான் ஃப்ரெண்ட்ஸிடம் சத்தியம் பண்ணது பொய். எனக்கே தெரியாத பொய். தமிழ்நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். அதை நான் ஸ்டால் போட்டு விற்க இருந்தேன்!

வீட்டில் பியர் தயாரிப்பது சட்டப்படி அனுமதியான ஊர்களும் உண்டு. இங்கிலாந்தில் 1963-ல் லைசென்ஸ் முறையை எடுத்தார்கள். அமெரிக்காவில் 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம் வழிவிட்டது. அங்கே கத்துக்குட்டிகள் எப்படிச் செய்றாங்கன்னு மேடத்திடம் கேட்டேன்.

“பியரை மனுஷன் செய்யறதில்லை, ஈஸ்ட்தான் செய்யுது. மனுஷன் அதுக்கு வீடு பார்த்துக் கொடுக்கறான், அவ்வளவுதான்” என்றாங்க.

முளைகட்டிய பார்லியை ஊறவைத்து எடுத்த இனிப்புச் சாறை, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்க வைக்கணும். ஆறிய பிறகுதான் ஈஸ்ட். சூட்டோடு போட்டால் ஈஸ்ட் செத்துப் போகும். ‘ஏல்’ வகை ஈஸ்ட்டுக்குச் சுமார் 18 முதல் 22 டிகிரி, ‘லாகர்’ வகைக்கு 8 முதல் 13 டிகிரி. புளிக்கும்போது ஈஸ்ட் தானே சூடு கிளப்பும், அதனால் அறையின் வெப்பத்தைவிட உள்ளே சில டிகிரி கூடவே இருக்கும். சூடு ஏறினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனா வாழைப்பழ வாசனை, சாராய நெடி எல்லாம் வந்து சேரும். அவசரமா முடித்தால் வெண்ணெய் வாசனை தங்கிவிடும். இன்னும் ரெண்டு நாள் விட்டுவைத்தால், அதை ஈஸ்ட்டே திரும்ப எடுத்துக்கொள்ளும். இத்தனை நாளும் வாயு வெளியே போக, காற்று உள்ளே வராத மாதிரி, தண்ணி ஊற்றின வளைகுழாய் ஒண்ணு மூடியில் இருக்கும்.

எப்போ பாட்டிலில் அடைக்கறது? அங்கேதான் நான் கோட்டை விட்டேன். காலண்டர் பார்த்து இல்லை, ஹைட்ரோமீட்டர் பார்த்து. சர்க்கரை குறையக் குறைய அடர்த்தி எண் இறங்கும். 1.050-ல் ஆரம்பித்தது 1.010 பக்கம் வந்து, ரெண்டு மூணு நாள் நகராமல் நின்றால்தான் ஈஸ்ட் அடங்கியது என்று அர்த்தம். அதுக்கப்புறம் லிட்டருக்கு ஆறேழு கிராம் சர்க்கரை மட்டும், நுரைக்காகச் சேர்த்து மூடுவாங்க. ஆறேழு! நான் நூற்றிருபது!

ஒரு ஆறுதல், ஈஸ்ட்டைப் பத்தித் தெரியாமல் இருந்தது நான் மட்டும் இல்லை. 1516-ல் பவேரியாவில் போட்ட புகழ்பெற்ற பியர் சட்டத்தில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மட்டும்தான் இருக்கு. ஈஸ்ட் என்ற பேரே இல்லை! 1876-ல் பாஸ்டர் பியரைப் பத்தி ஒரு புத்தகமே எழுதினார். 1883-ல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் ஹேன்சன், ஒரே ஒரு செல்லிலிருந்து சுத்தமான ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டினார்.

ராத்திரி இதையெல்லாம் அம்மாவிடம் ஒப்பித்தேன். அம்மா இட்லி மாவைக் கரைத்துக்கொண்டே கேட்டாள்: “மாவுப் பாத்திரத்த யாராவது இறுக்கி மூடுவாங்களாடி? பாதிதானே ஊத்துவோம். வெயில் நாள்ல நாலு தடவை எட்டிப் பார்ப்போம். பொங்கிடுச்சுன்னா உடனே ஃப்ரிட்ஜ்ல வெப்போம்.”

இட்லி மாவைப் பொங்க வைப்பது பெரும்பாலும் பாக்டீரியா, என்னுடையது ஈஸ்ட். ஆனா இடம் விடணும், சூடு பார்க்கணும், அடிக்கடி எட்டிப் பார்க்கணும் என்ற பாடம் ஒண்ணுதான். நாலு செமஸ்டர் ஃபீஸ் கட்டிப் படிச்ச எனக்குத் தெரியாதது அம்மாவுக்குக் கைப்பழக்கம். ஒளித்து வைத்ததால் நான் எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்த்திருந்தால் மூடி உப்பியதாவது தெரிந்திருக்கும். மாமா விஷயத்திலும் யாராவது முன்னாடியே பரணை எட்டிப் பார்த்திருந்தால் என்று அம்மா நினைத்திருப்பாளோ... கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சிம்போசியத்தில் எங்க ஸ்டால் நடந்தது. பானகம் விற்றோம். பக்கத்தில் ஒரு சார்ட்: ‘பாட்டில் ஏன் வெடித்தது?’ நடுவில், கண்ணாடிப் பெட்டிக்குள், தலையணையில் குத்தி நின்ற அந்தச் சில்லு. பானகத்தைவிட அதுக்குத்தான் கூட்டம்.

இப்போ காலேஜ் லேபில் மால்ட் கரைசல் வைத்து முறையா ஒரு ஃபெர்மென்டேஷன் செய்றேன். குடிக்க இல்லை, ரெக்கார்ட் நோட்டுக்கு. வீட்டுக்குள் வேணாம் என்று அம்மா சொல்லிவிட்டாள், சரி என்றேன். ஆனா தினமும் சாப்பிடும்போது அவளே கேட்கிறாள், “இன்னிக்கு எவ்ளோடி?”

1.040... 1.026... 1.015...

போன வாரம் மூணு நாளா ஒரே எண். 1.010.

“அப்ப அடங்கிடுச்சா?”

“அடங்கிடுச்சும்மா.”

அம்மா இன்னொரு தோசையை என் தட்டில் போட்டாள்.