பெரியாஸ்பத்திரி பெஞ்சு

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். மகளிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன்.

என் பேரனுக்கு இப்போது ஐந்து வயது. மூன்றரை வயதில் காட்டியபோது ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னார். சொல்லி முடிக்க நாலு நிமிஷம் ஆகியிருக்கும், அடுத்த டோக்கன் உள்ளே வந்துவிட்டது. மருமகன் துபாயில். நானும் மகளும் வெளியே வந்து ஒரு வேப்பமரத்தடியில் நின்றோம். "அப்பா, அடுத்து என்ன செய்யணும்?" என்று கேட்டாள். 33 வருஷம் சின்னப் பிள்ளைகளோடு கிடந்தவன் நான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொன்று சொன்னார்கள். போனைக் கொடுத்துக் கெடுத்தாச்சு. இவள் வேலைக்குப் போனதால் வந்தது. ஆம்பளப் பிள்ளை லேட்டாகத்தான் பேசும். (இதைப் படிப்பவர்களில் சிலரும் அப்படிச் சொன்னீர்கள். வருத்தமில்லை, நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.) 1950, 60களில் அமெரிக்காவில் படித்த டாக்டர்களே தாயின் பாசம் போதாததால்தான் ஆட்டிசம் வருகிறது என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அது தப்பு என்று ஆராய்ச்சியில் தெரிந்து பல வருஷம் ஆகிவிட்டது. பிறவியிலேயே மூளை வளரும் விதத்தில் உள்ள வித்தியாசம் இது. நம் தெருவுக்குத்தான் அந்தத் தகவல் இன்னும் வந்து சேரவில்லை.

மகள் ராத்திரியெல்லாம் போனில் தேடினாள். பெற்றோர் குழு என்று கண்ணில் பட்டதெல்லாம் சென்னை, பெங்களூர். இதற்கிடையில் ஆறு மாதத்தில் குணமாக்குகிறோம் என்று ஒரு இடம். முன்பணமே எண்பதாயிரம். அவள் வளையலைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டாள். நானும் தடுக்கவில்லை.

அந்த வாரம்தான் பெரியாஸ்பத்திரியில் உள்ள ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்குப் போனோம். பிறந்ததிலிருந்து 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக மாவட்டந்தோறும் அரசு நடத்தும் மையம். பேச்சுப் பயிற்சிக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. அதில் ஏழெட்டுத் தாய்மார்கள். பேரன் தரையில் படுத்துக் கத்த ஆரம்பித்தான். எனக்கு எங்கே முகத்தை வைப்பது என்று தெரியவில்லை. அந்த பெஞ்சில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு அம்மா மட்டும் எழுந்து போய் தலைக்கு மேலிருந்த டியூப்லைட்டை அணைத்தார். ரெண்டு நிமிஷத்தில் அடங்கிவிட்டான். "அந்த லைட்டு இரையும்லா, எம்பிள்ளைக்கும் ஆகாது" என்றார். எனக்கு அந்த இரைச்சல் கேட்கவே இல்லை.

எண்பதாயிரம் விஷயத்தை மகள் அவரிடம் சொன்னாள். "நான் அங்க கட்டி ஏமாந்துட்டேம்மா. குணமாக்க இது காய்ச்சலா? பயிற்சி குடுத்தா பிள்ளை அது வழியில வளரும். வளையலை எடுத்துக் கையில போடு" என்றார். அன்றைக்கே அவளைத் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள். அப்போது அதில் 14 பேர். பெயர்ப்பலகை கிடையாது, ரசீது புத்தகம் கிடையாது. மாதத்தில் ரெண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டு மொட்டை மாடியில் கூடுகிறோம்.

அங்கே என்ன பேசுவார்கள் என்று கேட்கிறீர்களா? மெஷின் போடாமல் கத்தரியால் மட்டும், வீட்டுக்கே வந்து முடி வெட்டும் தம்பி யார் என்று பேசுவார்கள். சட்டைக் காலரில் குத்தும் துணிச்சீட்டைத் தையல் பிரியாமல் எப்படி எடுப்பது என்று. மேளம் இல்லாத நேரம் பார்த்து எந்தக் கோயிலுக்குப் போகலாம் என்று. பள்ளிக்கூடத்தில் இடமில்லை என்றால் 2016ஆம் வருஷச் சட்டத்தைச் சொல்லி எப்படிக் கேட்பது என்று. முடி வெட்டுவதுதானே என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் அது நாலு பேர் பிடித்து, எல்லோரும் அழுது முடிகிற காரியமாக இருந்தது. இப்போது அந்தத் தம்பி வருகிறார், பேரன் பம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருகிறான்.

முதல் கூட்டத்தில் ஆம்பிளை நான் ஒருவன்தான். அப்பாக்கள் வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். இதை நான் குறையாகவே சொல்கிறேன்.

மூத்த பிள்ளைகளின் பெற்றோரும் வருகிறார்கள். ஒரு அம்மாவுக்கு மகன் வயது 24, கணவர் இல்லை. "எனக்கப்புறம்?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். மாடியே அமைதியாகிவிட்டது. 18 வயதுக்கு மேல் சட்டப்படி பாதுகாவலர் நியமிக்க 1999ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வழி இருக்கிறது, கலெக்டர் தலைமையில் அதற்கென்று குழு உண்டு, மனு எழுத நான் உதவுகிறேன் என்றேன். எழுதியும் கொடுத்தோம். ஆனால் அவர் கேட்டது மனுவைப் பற்றி மட்டுமல்ல என்று எனக்கும் தெரியும்.

நாலாவது கூட்டம் என்று நினைக்கிறேன், ஒரு இளைஞர் வந்திருந்தார். அவருக்கே ஆட்டிசம், அச்சகத்தில் வேலை. நான் வாத்தியார் வழக்கத்தில், "தம்பி, என்னப் பாத்துப் பேசுங்க" என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சார், முகத்தப் பாத்தா நீங்க சொல்லுறது எனக்குக் கேக்காது. பாக்கலேன்னாதான் கேக்கும்."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் இதுதான்.

1991. மூன்றாம் வகுப்பு. 'கட்டபொம்மன்' பஸ்கள் ஓடிய காலம். என் வகுப்பில் ஒரு பையன். பாபநாசத்தில் ஆரம்பித்து விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று நிறுத்தம் மாறாமல் ஒப்பிப்பான். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விடுவான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். திமிர் என்று நினைத்தேன். "கண்ணப் பாத்துப் பேசுல" என்று பிரம்பால் அடித்திருக்கிறேன். ஒரு தடவை அல்ல. அரைப் பரீட்சை முடிந்து அவன் அம்மாவை வரச்சொல்லி, "இவன வீட்டோட வச்சுக்கோங்க, மத்த பிள்ளைங்க படிப்பு கெடுது" என்றேன். அந்தம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. சிலேட்டையும் பையையும் எடுத்துக்கொண்டு அவன் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

தெரியாமல் செய்ததுதானே சார் என்று நீங்கள் எழுதுவீர்கள். கேனர் என்ற டாக்டர் 1943லேயே இதை விவரித்துக் கட்டுரை எழுதிவிட்டார். நான் படித்த ஆசிரியர் பயிற்சியில் இந்தச் சொல்லே வரவில்லை. 1995இல் வந்த ஊனமுற்றோர் சட்டத்திலும் ஆட்டிசம் இல்லை. எல்லாம் சரி. ஆனால் ஒரு பையன் காதைப் பொத்தினால் அவனுக்குக் காது வலிக்கிறது என்று புரிந்துகொள்ள எந்தப் பட்டயமும் தேவையில்லை. பெஞ்சில் இருந்த அந்த அம்மா எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவர்.

உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால் முதலில் பெரியாஸ்பத்திரி மையத்துக்குப் போங்கள். பள்ளி வயது என்றால் உங்கள் ஒன்றியத்து வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருப்பார்கள், எந்தெந்த ஊரில் எந்தப் பிள்ளை என்று அவர்களுக்கு அத்துப்படி. அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிப்மெட் நிறுவனம் இருக்கிறது. எங்கே போனாலும் உள்ளே இருப்பவரைப் பார்த்துவிட்டு உடனே கிளம்பாதீர்கள். வெளியே காத்திருப்பவர்களிடம் கொஞ்சம் பேசுங்கள். குழு என்று எதுவும் இல்லை என்பார்கள். அவர்களுடைய போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் 14 பேர் இப்போது 31 ஆகியிருக்கிறோம், அப்பாக்கள் ஆறு பேர்.

இனி 1991இல் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவர்களுக்கு மட்டும். நான் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பெயரை இங்கே யாரும் எழுத வேண்டாம். அவனுக்கு இப்போது நாற்பது தாண்டியிருக்கும். அந்தக் குடும்பம் தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டதாக ஒருவர் சொன்னார், சரிதானா தெரியவில்லை. அவன் எங்கே இருக்கிறான், அந்தம்மா இருக்கிறார்களா என்று தெரிந்தவர்கள் எனக்குத் தனியாகப் போன் செய்யுங்கள். என் நம்பர் பழைய நம்பர்தான். ராத்திரி பத்து மணி ஆனாலும் எடுப்பேன்.